லே ஃபாமிங்குக்கு ‘மேய்போகம்’, தரிசு எண்டு மட்டும் போடவேண்டாம்

வணக்கம் எல்லாருக்கும்,

‘வறண்ட நிலத்துக் கோதுமையும் மண்வளமும்’ எண்ட அதிகாரத்துக்கு நீங்கள் எழுதின தமிழ்க் கலைச்சொல்லுகள் எல்லாத்தையும் வாசிச்சன். லே ஃபாமிங் (ley farming) எண்டது ஒரே நிலத்தில கோதுமையும் மேய்ச்சல் பயிரும் மாறி மாறிச் செய்யிற முறை. அதுக்கு ‘மேய்ச்சல் தரிசு’ எண்டு போடலாம் எண்டு கனபேர் ஓம் சொல்லியிருக்கினம். எனக்கு அது துண்டறச் சரிவரேல்லை, ஏனெண்டு கொஞ்சம் விரிவாச் சொல்லுறன்.

தெற்கு அவுஸ்திரேலியாவில முந்தி ஒரு வருசம் கோதுமை, அடுத்த வருசம் நிலத்தைச் சும்மா விட்டு திருப்பித் திருப்பி உழுது களை வராமல் வைச்சிருக்கிறது, பேந்து கோதுமை எண்டுதான் செய்தவை. மழை 250, 500 மில்லிமீற்றருக்கு இடையிலதான், அதால ஈரத்தைச் சேமிக்கத்தான் அப்பிடிச் செய்தது. ஈரம் நிண்டது உண்மைதான், ஆனால் மண்ணில கிடந்த சேதனப்பொருள் வருசா வருசம் குறைஞ்சுகொண்டு போச்சு, மேல்மண்ணைக் காத்தும் அள்ளிக்கொண்டு போச்சு. அதைத்தான் சரியான தரிசு எண்டு சொல்லலாம். லே எண்டது அந்தத் தரிசுக்கு மாற்றா வந்த முறை. கோதுமை இல்லாத வருசத்தில நிலம் முழுக்க அவரைக் குடும்பத்து மேய்ச்சல் பயிர் நிக்கும், செம்மறி மேயும், வேர்முடிச்சில இருக்கிற பற்றீரியா நைதரசனைப் பதிக்கும். ஒரு தொன் உலர்ந்த பயிருக்குக் கிட்டத்தட்ட 20 – 25 கிலோ நைதரசன் கிடைக்குமெண்டு கணக்குச் சொல்லுவினம். இவ்வளவு வேலை நடக்கிற நிலத்தைத் தரிசு எண்டு எழுதினால் வாசிக்கிற கமக்காரருக்குப் பிழையான படம்தான் வரும்.

‘புல்நிலச் சுழற்சி’ சொன்ன அண்ணைக்கு, அங்க முக்கியமான பயிர் புல்லே இல்லை, குளோவர், மெடிக் எண்ட அவரைக் குடும்பத்து மேய்ச்சல் செடியள்தான். ‘பசுந்தாட் பசளைச் சுழற்சி’யும் வேண்டாம், அது எங்களிட்ட ஏற்கெனவே வேற வேலைக்கு இருக்கிற சொல்லு, காலபோக நெல்லு வெட்டினாப்பிறகு சணல் விதைச்சு பூக்கிற நேரம் உழுது மண்ணுக்குள்ள தாக்கிறமே அதுதான் பசுந்தாள். லேயில பயிரைத் தாக்கிறேல்லை, மேய விடுறது, காய்க்க விடுறது, அந்த விதையிலயிருந்து அதுவே திரும்ப முளைக்கிறது.

‘தரவைச் செய்கை’ எண்டு தங்கச்சி ஒராள் எழுதியிருந்தவ, உண்மையா நல்ல சொல்லு, கேட்ட உடன மேய்ச்சல் ஞாபகம் வரும். ஆனால் தரவை எண்டால் எங்களுக்கு எப்பவும் பயிர் செய்யாமல் மாடு மேயக் கிடக்கிற வெளி, பாதி இடம் உவர். கோதுமையோட மாறி மாறி வாற நிலத்துக்கு அது பொருந்தாது.

அதால நான் சொல்லுறது ‘மேய்போகம்’. காலபோகம், சிறுபோகம் எண்டு எங்கட கமக்காரர் வாயில இருக்கிற போகம்தான். நிலம் சும்மா கிடக்கேல்லை, இதுவும் ஒரு போகம், வெட்டுறதுக்குப் பதிலா மேயிற போகம் எண்டது அந்தச் சொல்லுக்குள்ளயே வந்திடும். வினைத்தொகை எண்டபடியால் ப் மிகாது, ‘மேய்ப்போகம்’ எண்டு எழுதிப்போடாதேங்கோ. முறை முழுக்கச் சொல்ல ‘மேய்போகச் செய்கை’, நெற்செய்கை மாதிரி. இந்தியாவில வாசிக்கிற ஆக்களுக்கும் முப்போகம் தெரியும், விளங்கும்.

இன்னொரு சொல்லும் இதோட சேர்த்துத் தீர்க்கவேணும், இல்லாட்டி அதிகாரத்தில பாதி விளங்காது. இந்த முறை நிக்கிறதே விதைத்தோலில. மெடிக்கின்ர விதையில பெரும்பகுதி முதல் மழைக்குத் தண்ணியை உள்ள விடாது, கோடையில பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறிப் பட்டுத்தான் தோல் கொஞ்சம் கொஞ்சமா இளகும். அதால ஒரு பங்கு இந்த வருசம், ஒரு பங்கு கோதுமை வெட்டினாப்பிறகு வாற வருசம் எண்டு முளைக்கும், கமக்காரர் திரும்ப விதைக்கத் தேவையில்லை. 1889இல அடிலெயிட்டுக்குக் கிட்ட மவுண்ட் பாக்கரில ஏமோஸ் ஹவார்ட் கண்டுபிடிச்ச குளோவர் கச்சான் மாதிரி காயை மண்ணுக்குள்ளயே இறக்கும், செம்மறி மேய்ஞ்சாலும் விதை தப்பும். இப்பிடித் தண்ணியை உள்ள விடாத விதைக்குக் ‘கடின விதை’ எண்டு போட்டால் கையால நசிச்சுப் பாக்கிற கடினம் எண்டுதான் நினைப்பினம். ‘ஊறாவிதை’ எண்டு போடுவம், ஊறப்போட்ட பயறில சிலது ஊறாமல் கிடக்கிறதைச் சமைக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்திலயும் ஊறாதோ எண்டு ஆரும் கேட்டால் அடுத்த வசனத்தில விளக்கலாம்.

சொல்லு சரியா இருக்கவேணும் எண்டு நான் இவ்வளவு கரைச்சல் தாறதுக்குக் காரணம் லிபியா. 1970களில அவுஸ்திரேலிய ஆக்கள் இந்த முறையை அங்க கொண்டுபோனவை. ஆனால் அந்தப் பக்கத்து நாடுகளில ஆழ உழுற பழக்கம், மெடிக் விதை மேலால ஒரு சில சென்ரிமீற்றருக்குள்ள கிடந்தால்தான் முளைக்கும், கீழ போனால் போனதுதான், பூக்கிற நேரம் கூட மேயவிட்டாலும் விதை விழாது. நிலத்துக்குள்ள அடுத்த போகத்துக்கான விதை கிடக்கு எண்டு விளங்கினால்தானே கமக்காரர் கலப்பையை மேலால பிடிப்பினம்? தரிசு எண்டு படிச்ச ஆள் ஆழ உழத்தான் பாப்பார்.

‘தானே முளைக்கிற மேய்ச்சல்’ எண்டதுக்கு இன்னும் சொல்லு வரேல்லை. ‘தன்முளை மேய்ச்சல்’ எண்டு நான் எழுதி வைச்சிருக்கிறன். விவசாயம் படிப்பிச்ச ஐயாமார் ஆராவது ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ, ‘தன்முளை’யோ ‘மீள்முளை’யோ?