மறு: சென்சரி இன்புட் – ‘உள்ளீடு’ போதுமா, ‘வரத்து’ வேண்டுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். மூளையின் வேலையைக் கணக்கால் விளக்கும் மாதிரிகளில் ‘சென்சரி இன்புட்’ என்று வருவதற்கு, அதாவது புலன்வழியே மூளைக்கு வந்துசேர்வதற்கு, எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற பேச்சின் தொடர்ச்சி இது. ‘வரத்து’ என்ற என் முன்மொழிவுக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

> ‘புலன் உள்ளீடு’ என்று நல்ல சொல் கையில் இருக்க, இன்னொன்று எதற்கு?

ஒரு வருடமாக நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். மனம் மாறியது ஒரு கொப்பியைப் பார்த்துத்தான். இங்கே திருகோணமலையில் சனிக்கிழமைகளில் ஐந்தாறு பிள்ளைகளுடன் மூளை அலைகள் பற்றித் தமிழில் படிக்கிறோம். அதில் ஒரு பிள்ளை தலை ஒன்றைக் கீறி, ஒட்டிய மின்வாய்களிலிருந்து கணினிவரை கம்பி இழுத்து, கம்பிக்கு மேலே ‘புலன் உள்ளீடு’ என்று வடிவாக எழுதியிருந்தாள். பிழை அவளில் இல்லை. கணினிக்குள் போடுவதை உள்ளீடு என்றுதான் அவள் நாள் முழுக்கக் கேட்கிறாள். நாங்கள் சொல்லவந்தது, மாதிரிக்குள் இருக்கிற மூளைக்கு வெளியிலிருந்து வந்துசேர்வதை.

மூளைப் பகுதிகள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று பதிவுகளிலிருந்து கணிக்கும் முறை ஒன்று உண்டு. நரம்பியல் ஆய்வாளர் கார்ல் பிரிஸ்டன் குழுவினரின் இந்த இயங்கு காரண மாதிரி (டைனமிக் கோசல் மாடலிங்) 2003இல் மூளைப் படங்களுக்காக வந்தது. 2006இல் தூண்டல் துலங்கல்களுக்கு, அதாவது ஒலி போன்ற ஒரு தூண்டலுக்குப் பதிலாக எழும் மூளை அலைகளுக்கு, விரிந்தது. இந்த இரண்டாவதில், ஒவ்வொரு மூளைப் பகுதியிலும் மூன்று வகை நரம்புக்கலக் கூட்டங்கள் உண்டு. வெளியிலிருந்து வருவது மேற்பட்டையின் (மூளையின் மேலுறை) நான்காம் படையில் இருக்கும் முள் விண்மீன் கலங்கள் என்ற கூட்டத்தில் போய் விழுகிறது. எந்தப் பகுதியில் விழுகிறது, எப்போது விழுகிறது என்பதை நாங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தக் கணிப்பைச் செய்யும் எஸ்.பி.எம். மென்பொருளில் நேரத்துக்குத் தொடக்க மதிப்பு 60 மில்லிசெக்கன். தரவைப் பார்த்து மாதிரி அதைச் சற்று முன்பின் நகர்த்திக்கொள்ளும். வந்து விழுவதன் வடிவமோ, நேரத்தோடு ஏறி இறங்கும் ஒரு சிறு மேடு.

இங்கே ‘தூண்டல்’ என்றே சொல்லிவிடலாம் என்று முன்மடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஒலி காதில் விழுவது சுழிய நேரத்தில். அது மூளைத்தண்டு ஏறி, மூளையின் நடுவில் இருக்கும் தலமஸ் கடந்து, ஒலியைக் கையாளும் செவிப்புல மேற்பட்டைக்கு வரப் பிந்துகிறது. தூண்டல் வெளியே நடந்தது. மாதிரி கேட்பது வந்துசேர்ந்ததை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு விளங்காது.

கந்தளாய்ப் பக்கம் வயல் செய்கிறவர்களிடம் இதற்குச் சொல் இருக்கிறது. தலைக்கு மேல் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் “குளத்துக்கு வரத்து இருக்கு” என்பார்கள். மழை வேறெங்கோ பெய்தது. தண்ணீர் மின்னேரியா, கவுடுல்லைப் பக்கமிருந்து கால்வாய் வழியே பிந்தி வருகிறது. இடம், நேரம், அளவு மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே புலன்வரத்து என்பதை முன்வைக்கிறேன். அது விழும் பகுதி வரத்துவாய். வந்துசேரும் கணம் வரத்துநேரம்.

வரத்துவாய் என்று தனிச்சொல் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்து, இடையில் வேறொரு ஒலியைப் போடும் பரிசோதனையை எடுங்கள். வழக்கமாக இடது, வலது முதன்மைச் செவிப்புல மேற்பட்டைகளை மட்டும் வரத்துவாயாக வைப்பார்கள். பழகிய ஒலிக்கும் புது ஒலிக்கும் வரத்து ஒன்றே. துலங்கலில் தெரியும் வேறுபாட்டை, பகுதிகளுக்கு இடையிலான இணைப்புகள் கூடிக் குறைந்ததைக்கொண்டு விளக்க வேண்டும். நெற்றிப் பக்க மேற்பட்டைக்கும் ஒரு வரத்துவாய் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அங்கே எழும் அலையில் ஒரு பங்கை இணைப்பின் உதவியில்லாமலே மாதிரி விளக்கிவிடும். எல்லா வயலுக்கும் நேரே குளத்தைத் திறந்துவிட்டு, எந்த வாய்க்கால் வேலை செய்கிறது என்று கேட்பதுபோல. இணைப்பைத் தேடி வந்த ஆய்வில் இணைப்புக்கே வேலை இல்லாமல் போகும். படிக்கிற பிள்ளை முதலில் கைவைத்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ‘உள்ளீட்டு அமைப்பு’ என்று எழுதினால் அது ஏதோ மென்பொருள் பெட்டியில் நிரப்பும் கட்டம்போலக் கடந்துபோய்விடும்.

> வரத்து என்றால் சந்தையில் காய்கறி வரத்துத்தானே நினைவுக்கு வரும்?

வரட்டும். தம்புள்ளையில் வெங்காய வரத்து என்றாலும் வெளியிலிருந்து ஓரிடத்துக்கு வந்துசேர்வதுதான் பொருள். ‘உணர்வுள்ளீடு’ என்ற மற்ற முன்மொழிவில்தான் எனக்குத் தயக்கம். உணர்வு என்றால் நம் ஆட்களுக்குத் துக்கமும் சந்தோசமும்கூடத்தான்.

ஒரு லாபமும் கிடைக்கிறது. எந்தத் தூண்டலும் கொடுக்காமல் ஓய்வு நிலையில் பதியும் அலைகளுக்கான மாதிரிகளில், மூளைக்குள்ளேயே எழும் ஓயாத சலனம்தான் எல்லாவற்றையும் ஓட்டுகிறது. அதை ஊற்று என்று சொன்னால் வரத்தும் ஊற்றும் சோடியாக நிற்கும்.

சென்ற சனிக்கிழமை ‘வரத்துவாய்’ என்று பலகையில் எழுதினேன். அதே பிள்ளை கம்பியை அழித்துவிட்டு, காதுகளுக்கு மேலே இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டாள்.

வரத்தின் வடிவம் என்று சொன்ன அந்தச் சிறு மேட்டின் அகலத்துக்குத்தான், அதாவது வரத்து எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதற்குத்தான், சொல் சரிவரவில்லை. ‘வரத்தகலம்’ வாயில் இடறுகிறது. ‘வரத்துப்பரவல்’ என்றால் பல பகுதிகளுக்குப் பரவுவதாகத் தோன்றுகிறது. தண்ணீர் ஒரேயடியாக வராமல் இழுபட்டு வருவதற்கு உங்கள் ஊர்களில் என்ன சொல்வார்கள்? எழுதுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து