உப்புக் காற்றைத் தாங்கும் நீர்மட்டக் கருவி: ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றை, ஆர்டுயினோ யூனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை), ரிலே (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்விசை), ஒலி பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீர் இருக்கும் தொலைவை அளக்கும் ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 மீயொலி சென்சார் ஆகியவற்றைக் கொண்டு அமைத்திருக்கிறேன். நிரலில் குறையில்லை, தொல்லையெல்லாம் ஈரத்தாலும் கடற்காற்றாலும்தான். தொட்டி மூடியின் உட்புறம் ஆவி படிந்து, சென்சாரின் இரு வட்ட வலைகளிலும் துளிகள் கோத்து நிற்பதோடு, பின்களில் பச்சைக் களிம்பும் ஏறிவிடுவதால், தொட்டி பாதி இருக்கும்போதே நிறைந்துவிட்டதாகக் காட்டி மோட்டாரை நிறுத்திவிடுகிறது.

நீர் புகாத ஜே.எஸ்.என்.-எஸ்.ஆர்.04டி வகைக்கு மாறலாம் என்றால், அது ஏறத்தாழ 20 செ.மீ.க்குக் குறைந்த தொலைவைச் சரியாக அளக்காது என்பதால், மூடியின் மேல் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை நிறுத்தி அதன் உச்சியில் பொருத்த வேண்டியிருக்கும். குழாயின் உட்சுவரில் ஒலி பட்டுத் திரும்பி அளவைக் கெடுக்குமா? உலோகக் கம்பிகளை நீரில் இறக்கி, நீர் வழியே மின்சாரம் பாய்வதைக் கொண்டு மட்டத்தை அறியும் முறையை நான் விரும்பவில்லை. எங்கள் பகுதியின் உவர்நீரில் நேர்த்திசை மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்தால் கம்பி விரைவில் அரித்துவிடும். (குடிப்பதற்கல்லாத, புழங்கும் நீர்தான் என்றாலும், அரித்த உலோகம் அதில் கலப்பதற்கு மனம் ஒப்பவில்லை.)

சர்க்யூட் பலகைக்கு ஈரம் படாமல் காக்கும் அக்ரிலிக் பூச்சே போதுமா, எபாக்சியில் (கெட்டியாக இறுகும் பிசின்) முழுவதும் புதைத்துவிடுவது மேலா என்பதை, பாம்பன், மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் செய்து பார்த்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும். அந்த அக்ரிலிக் பூச்சு ராமநாதபுரத்தில் எங்கே கிடைக்கும் என்பதையும் குறிப்பிட்டால் நன்று.