முழு கிரகணத்தில் மட்டும் நிலவு கலங்கிப் பதிகிறது: லென்ஸ் பழுதா, என் தவறா?

குடமுருட்டிக் கரை – 2025 செப்டம்பர் 9

வணக்கம். திருவையாற்றுக்கு அருகில் வசிக்கிறேன். செப்டம்பர் 7 இரவு சந்திர கிரகணத்தை வீட்டு மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்தேன். ஆடி மாதத்திலிருந்தே அந்த இரவுக்காகக் காத்திருந்தேன். எடுத்த அறுபத்தெட்டுப் படங்களில் ஒன்றைக்கூடப் பிறரிடம் காட்ட மனம் வரவில்லை.

கேமரா 24 மெகாபிக்சல், சிறிய சென்சார் கொண்டது. லென்ஸ் 70–300 மில்லிமீட்டர் ஜூம். முக்காலி உறுதியானதுதான். இரவு 9.57க்கு நிழல் தொட்டது முதல் 11 மணி வரை எடுத்த படங்களில் நிலவு வெறும் வெள்ளைத் தட்டாக இருக்கிறது. முழுவதும் மறைந்த பிறகு ஒளி விழும் நேரம் 4 விநாடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 என்று வைத்தேன். நிறம் அப்படியே கிடைத்தது, தேய்த்து வைத்த செப்புக் குடத்தின் நிறம். ஆனால் நிலவின் கருந்திட்டுகள் எல்லாம் ஈரத்தில் ஊறிய மை போலக் கரைந்து கிடக்கின்றன. 11.40க்குப் பிறகு எடுத்தவை இன்னும் மோசம், நிலவைச் சுற்றிப் பால் தெளித்தது போல ஒரு வெளிச்சம். ஆரம்பத்தில் எடுத்த சில படங்களில் நிலவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு குட்டி நிலவும் தெரிகிறது.

கேமரா கடையில் காட்டினேன். லென்ஸ் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கும் நிலையில் நான் இல்லை. கிரகணம் விடும்வரை வாசற்படி தாண்டாத என் அம்மா, அன்று எனக்காக மாடி ஏறி வந்து பார்த்தார். "இவ்வளவு சிவப்பாகவா இருக்கும்!" என்று நெடுநேரம் நின்றார். அவருக்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

தம்பி, லென்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். முதலில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள். 11.10 வாக்கில் எடுத்த ஒரு படம், 11.50 வாக்கில் எடுத்த ஒரு படம், இரண்டையும் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். நிலவைப் பார்க்க வேண்டாம். சுற்றியுள்ள இருட்டில் ஏதாவது ஒரு மங்கலான நட்சத்திரத்தைத் தேடுங்கள். அது புள்ளியாக இருக்கிறதா, கோடாக இருக்கிறதா, பஞ்சாக இருக்கிறதா? அடுத்து, இந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் கேமரா எங்கே இருந்தது?

குடமுருட்டிக் கரை

பார்த்தேன் ஐயா. 11.10 படத்தில் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. இரண்டும் குட்டிக் கோடுகள், ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன. 11.50 படத்தில் அதே கோடு பஞ்சு சுற்றியது போல வீங்கியிருக்கிறது. நடுவில் 11.20க்கு மேகம் மூடியது. பேட்டரியும் இறங்கியிருந்தது. கேமராவோடு ஏசி அறைக்குப் போய், இருபது நிமிடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு திரும்பினேன்.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. உங்களிடம் இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. லென்ஸ் நன்றாக இருக்கிறது.

கோடு என்றால் வானம் நகர்ந்திருக்கிறது. பூமி சுழல்வதால் விண்பொருள்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 15 வில்விநாடி (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) மேற்கே நகரும். 300 மில்லிமீட்டரில் உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் ஏறக்குறைய இரண்டரை வில்விநாடியைப் பிடிக்கிறது. ஆக, ஒரு விநாடிக்கு ஆறு பிக்சல், 4 விநாடிக்கு இருபதுக்கும் மேல். உங்கள் படத்தில் நிலவின் மொத்தக் குறுக்களவே எழுநூற்றுச் சொச்சம் பிக்சல்தான். இருபது பிக்சல் இழுபட்டால் கருந்திட்டின் விளிம்பு எப்படி நிற்கும்? முக்காலி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் இதற்குப் பயன் இல்லை, ஏனென்றால் முக்காலி பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அரை விநாடிக்கு மேல் போகாதீர்கள். 4 விநாடிக்கு ஐஎஸ்ஓ 400 தந்த வெளிச்சத்தை அரை விநாடிக்கு ஐஎஸ்ஓ 3200 தந்துவிடும். மணல் தூவியது போலப் புள்ளிகள் வரும், வரட்டும். ஒரே அமைப்பில் பத்துப் பதினைந்து படங்கள் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தப் புள்ளிகள் அடங்கிவிடும். இழுபட்ட விளிம்பை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

பஞ்சு என்றால் ஈரம். ஏசியில் இருபது நிமிடம் குளிர்ந்த கண்ணாடியை நம் ஊர் செப்டம்பர் காற்றில் கொண்டுவந்து நீட்டினீர்கள். வாய்க்காலில் தண்ணீர், வயலில் தண்ணீர், காற்றிலும் தண்ணீர். குளிர்ந்த சொம்பு வியர்ப்பது போல லென்ஸ் வியர்த்திருக்கும். இருட்டில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இனி கிரகணம் முடியும்வரை கேமராவை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள், இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிட்டால் கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வந்துவிடும்.

மார்கழி, தை இரவுகளில் ஏசிக்கே போகாவிட்டாலும் பனி படியும். அதற்கு நான் செய்வது, ஒத்தடத்துக்கு வறுப்பது போலக் கல்லுப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, லென்ஸின் குழல் பகுதியில் சுற்றிக் கட்டுவது. உள்ளங்கையில் வைத்தால் இதமாக இருக்கும் சூடு போதும், அதற்கு மேல் கூடாது. உப்புத்தூள் சிந்தாதபடி இரட்டைத் துணி போடுங்கள். முன்பக்கக் கண்ணாடியில் படவே கூடாது.

குட்டி நிலவுக்குக் காரணம் லென்ஸைக் காக்க முன்னால் மாட்டியிருக்கும் கண்ணாடி, யூவி பில்டர். கழற்றிவிட்டால் போய்விடும்.

குடமுருட்டிக் கரை

ஐயா, படிக்கப் படிக்க நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. ஆமாம், யூவி பில்டர் மாட்டியிருந்தேன். வெள்ளைத் தட்டுக்கு என்ன காரணம்? இன்னொன்றும் கவனித்தேன். 300இல் தொடங்கினேன், கடைசிப் படங்களின் தகவலில் 240 என்று இருக்கிறது. நான் ஜூம் வளையத்தைத் தொடவே இல்லை.

பழைய ஸ்டூடியோக்காரர், மயிலாடுதுறை

அன்று நள்ளிரவை ஒட்டி நிலவு ஏறக்குறைய தலைக்கு மேல் இருந்தது. லென்ஸ் நிமிர்ந்து நின்றால் நீண்டிருக்கும் குழல் தன் எடையாலேயே மெல்ல உள்ளே இறங்கும். குழல் நகர்ந்தால் ஃபோகஸும் நகரும். நிழல் தொடுவதற்கு முன்பே, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, நிலவின் விளிம்பைப் பார்த்துக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு ஜூம், ஃபோகஸ் வளையங்கள் இரண்டையும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். சிவந்த நிலவில் தானியங்கி ஃபோகஸ் தடுமாறும். முக்காலியில் நிற்கும்போது அதிர்வு தடுப்பும் வேண்டாம். இரண்டு விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

வெள்ளைத் தட்டு, கேமராவின் கணக்குப் பிசகு. படத்தில் பெரும்பகுதி கருவானம், அதைப் பார்த்து 'இருட்டு' என்று முடிவு செய்து ஒளியைக் கூட்டுகிறது. கையால் அமைக்கும் முறைக்கு மாறி 1/250 விநாடி, எஃப் 8, ஐஎஸ்ஓ 200 என்று தொடங்குங்கள். பகுதி கிரகணத்தில் வெளிச்சமான பக்கத்துக்கும் சிவந்த பக்கத்துக்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு வரும். இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க முயன்று நான் பல கிரகணங்களை வீணாக்கியிருக்கிறேன். ஒன்றை விட்டுக்கொடுங்கள்.

நாகைக் கடற்கரை ஆசிரியை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தம்பி, அடுத்த வாய்ப்பு தொலைவில் இல்லை. 2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமி. முழு மறைப்பு நமக்குப் பகலிலேயே முடிந்துவிடும். ஆனால் மாலை ஆறே கால், ஆறு இருபது வாக்கில் நிலவு எழும்போதே ஒரு பக்கம் கடிபட்டதாக எழும். 6.47 வாக்கில் நிழல் விலகிவிடும், அரைமணி நேரம்தான். எங்கள் நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார் போன்ற கிழக்குக் கரை ஊர்களில் கடலிலிருந்தே எழுவதைப் பார்க்கலாம். அடிவானத்தில் மேகமோ புகைமூட்டமோ இருந்தால் முதல் பத்து நிமிடம் போய்விடும், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அந்தி வெளிச்சம் இருப்பதால் 1/60 விநாடி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400இல் தொடங்கிப் பார்த்து மாற்றலாம். உப்புக்காற்று லென்ஸில் படியும், மெல்லிய பருத்தித் துணி கொண்டுவாருங்கள்.

நம் வானத்தில் அடுத்த முழு சந்திர கிரகணத்தை வசதியான நேரத்தில் பார்க்க 2028 டிசம்பர் 31 வரை பொறுக்க வேண்டும். நடுக்கட்டம் இரவு பத்தேகால் தாண்டி வரும். மார்கழி என்பதால் ஐயா சொன்ன உப்பு முடிச்சு அன்று கட்டாயம் தேவைப்படும்.

வெட்டாற்று மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். சூரிய கிரகணத்துக்கும் இதே லென்ஸ் போதுமா? வீட்டில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் இருக்கிறது, அதை லென்ஸ் முன்னால் ஒட்டலாமா?

நாகைக் கடற்கரை ஆசிரியை

வேண்டாம், கண்ணே. எக்ஸ்ரே ஃபிலிம் வேண்டாம், புகை பிடித்த கண்ணாடி வேண்டாம், குறுந்தகடு வேண்டாம், சாணித் தண்ணீரில் குனிந்து பார்ப்பதும் வேண்டாம். இவை கண் கூசுவதை மட்டும் குறைக்கும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு கிடையாது, அதனால் சுட்டது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, படிக்கும் எழுத்தின் நடுவில் ஒரு மங்கல் திட்டாகத் தெரியவரும். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்கிறேன், சொல்லி அலுக்கவில்லை.

கேமராவுக்கு, ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சூரிய வடிகட்டித் தாள் வேண்டும். அதை லென்ஸின் முன்பக்கம்தான் மாட்ட வேண்டும், காற்றில் பறக்காதபடி. கண்ணை வைத்துப் பார்க்கும் துளையை விட்டுவிட்டு, பின்பக்கத் திரையில் மட்டும் பாருங்கள்.

அது இல்லையென்றால் சூரியனைப் பார்க்காமலே படம் எடுக்கலாம். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சியில் கிரகணச் சூரியன் வளையமாகத் தெரிந்த நாளில் அங்கே உறவினர் வீட்டில் இருந்தேன். பிள்ளைகளை வானத்தைப் பார்க்க விடாமல், சாணம் தெளித்த வாசலைப் பார்க்கச் சொன்னேன். கீற்றுக் கொட்டகையின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு பிறை விழுந்திருந்தது. ஒன்பதரை மணிக்கு அத்தனையும் வளையங்களாக மாறின. ஒரு சிறுமி தன் பாவாடையில் விழுந்த வளையங்களை விரலால் எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்தத் தரையைக் கைப்பேசியில் எடுத்தேன், என்னிடம் இருக்கும் மிக நல்ல கிரகணப் படம் அதுதான். கொஞ்சம் பெரிய ஓட்டைகள் உள்ள சல்லடை இருந்தாலும் போதும்.

குடமுருட்டிக் கரை – 2025 செப்டம்பர் 13

நேற்று இரவு சோதித்துப் பார்த்தேன். தேய்பிறை நிலவு எழ நேரமாகும் என்பதால் கிழக்கே இருந்த சனிக்கோளை வைத்துக்கொண்டேன். கேமராவை மாலையே திண்ணையில் வைத்துவிட்டேன், பில்டரைக் கழற்றி, வளையங்களை ஒட்டினேன். 4 விநாடியில் சனி ஒரு கோடு. அரை விநாடியில், ஐஎஸ்ஓ 3200இல், கூர்மையான புள்ளி. பதினோரு மணிக்குத் தென்னைக்கு மேல் நிலவு வந்ததும் 1/250இல் எடுத்தேன், நிழல் விளிம்பில் பள்ளங்களின் ஓரம்கூடத் தெரிகிறது.

மார்ச் 3க்கு நாகப்பட்டினம் வருகிறேன், அக்கா. அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கடற்கரையில் உட்கார்ந்து பார்க்கத் தோதான இடம் எது?

நாகைக் கடற்கரை ஆசிரியை

கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே மணல் அகலமாக இருக்கிறது. ஐந்தரைக்கே வந்துவிடுங்கள். அம்மாவுக்கு நான் நாற்காலி கொண்டுவருகிறேன்.