ஏரித் தண்ணீர் பச்சையாகிறது: பாஸ்பரஸ் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் தினமும் நடக்கப் போகும் ஏரி மூன்றாவது வருஷமாகக் கோடையில் பச்சையாகிவிட்டது. கரையோரம் பெயின்ட் கொட்டினது மாதிரி படிந்து கிடக்கிறது. குச்சியை விட்டு எடுத்தால் நூல் நூலாக வரவில்லை, சாயம்தான் ஒட்டுகிறது. கையுறை போட்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தேன். காலையில் பச்சை மொத்தமும் மேலே மிதந்தது, கீழே தெளிந்த தண்ணீர். சாதாரண பாசி இல்லை, சயனோபாக்டீரியா (நச்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சை நுண்ணுயிர்) என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

பயமாக இருக்கிறது. பிள்ளைகள் அங்கே குளிக்கிறார்கள். இதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் இப்படிப் பெருகியபோது, அமெரிக்காவின் டொலீடோ பகுதியில் 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது.

இது இப்படிப் பெருகத் தீனி போடுவது பாஸ்பரஸ் என்ற சத்து. சாக்கடையும் வயல் உரமும் கலந்து அதைக் கொண்டு வரும் வாய்க்காலை அடைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் அடி வண்டலில் வருஷக்கணக்காகச் சேர்ந்த பாஸ்பரஸ், கீழே ஆக்சிஜன் குறையும்போது திரும்பக் கரைந்து மேலே வருமே? வாய்க்காலில் வருவது எவ்வளவு, வண்டலிலிருந்து வருவது எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? மேல்மட்டம், அடிமட்டம் இரண்டிலும் மாதிரி எடுக்கணுமா? எத்தனை நாளைக்கு ஒருமுறை?

இன்னொன்று, இது அவசரம். இதைக் கொல்ல காப்பர் சல்பேட் (மயில்துத்தம்) போடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. செல்கள் ஒரேயடியாக உடைந்து உள்ளே இருக்கும் நச்சு தண்ணீரில் கலந்துவிடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்படி ஒரு ஏரியில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து பேசுங்கள்.