வீட்டு எஸ்பிரஸோவுக்கு டார்க் ரோஸ்ட்: எந்தக் கலவை வாங்கலாம்?

கோவை_ஃபில்டர்:
வணக்கம். வீட்டுக்குச் சின்ன எஸ்பிரஸோ மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறேன். 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (காப்பித்தூள் போட்டு மெஷினில் மாட்டும் கைப்பிடி), அதற்குள் தூள் நிற்கும் ஒற்றை அடுக்கு பாஸ்கெட், கையால் சுற்றும் கிரைண்டர். எங்கள் வீட்டில் எல்லாரும் பால் சேர்த்துத்தான் குடிப்போம். லைட் ரோஸ்ட் போட்டுக் கொடுத்தபோது அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, புளிக்குது" என்று டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டார். சரி, டார்க்தான் நமக்கு என்று ஆன்லைனில் ஒரு பாக்கெட் வாங்கினேன். கொட்டை கன்னங்கரேலென்று, எண்ணெய் வழிய மின்னியது. 18 கிராம் தூள் போட்டால் 15 நொடியிலேயே 36 கிராம் காப்பி இறங்கிவிடுகிறது, வாயெல்லாம் கரி. இன்னும் நைசாக அரைத்தால் சொட்டுச் சொட்டாக வந்து, இன்னும் அதிகமாகக் கசக்கிறது.

அராபிகா மட்டும் வாங்கலாமா, ரோபஸ்டா கலந்தது நல்லதா? மான்சூன்ட் மலபார் எப்படி? தெருமுனைக் கடையில் பீபெர்ரி வாங்கி, சிக்கரி இல்லாமல் கறுப்பாக வறுத்துத் தரச் சொன்னால் சரிவருமா?

வறுவல்கடை:
தம்பி, எங்களுக்குத் தொழிலே காப்பிக்கொட்டை வறுவல்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த மின்னுகிற கொட்டையை விட்டுத்தள்ளுங்கள். வறுக்கும்போது கொட்டை இரண்டு முறை வெடிக்கும். முதல் வெடி சத்தமாக, விட்டுவிட்டுக் கேட்கும். இரண்டாவது மெலிசாக, படபடவென்று வரும். அது ஆரம்பித்த கையோடு கூலிங் தட்டில் கொட்டிவிட வேண்டும். அப்போது பார்த்தால் கொட்டை அடர்ந்த பழுப்பாக, அங்கங்கே ஒரு பொட்டு எண்ணெயோடு இருக்கும். பாலுக்குப் போதுமான டார்க் அதுதான். அதைத் தாண்டி விட்டால் கொட்டைக்குள் இருக்கும் எண்ணெயெல்லாம் மேலே வந்துவிடும். காற்றுப் பட்டதும் காறல் வாடை அடிக்கும், கிரைண்டர் பல்லிலும் அப்பிக்கொள்ளும். எந்த ஊர்க் கொட்டையாக இருந்தாலும் அந்த அளவுக்கு வறுத்தபின் ருசி ஒன்றுதான். பாக்கெட்டில் 'டார்க்' என்று போட ஒரு வரையறையும் கிடையாது. இரண்டு கடையின் டார்க் இரண்டு விதமாக இருக்கும்.

கலவைக்கு வருவோம். பாலுக்கு என்றால் பிளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அராபிகா) 70 பங்கு, ரோபஸ்டா 30 பங்கு. ஆனால் செர்ரி ரோபஸ்டா வேண்டாம். பழத்தோடு காயப்போட்ட கொட்டை அது, எஸ்பிரஸோவில் முரட்டுத்தனமாகத் தெரியும். கழுவிப் பதப்படுத்திய பார்ச்மென்ட் ரோபஸ்டா என்று கேட்டு வாங்குங்கள். அதில் பொறுக்கிய ரகம்தான் காப்பி ராயல். க்ரீமா, அதாவது எஸ்பிரஸோவின் மேல் நுரை, கெட்டியாக நிற்கும், பால் ஊற்றினாலும் காப்பி அமுங்காது. காஃபின் அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அம்மாவுக்கு ராத்திரியில் கொடுக்காதீர்கள்.

மான்சூன்ட் மலபார் உங்கள் வீட்டுக்கு நன்றாகவே ஒத்துவரும். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் மழைக்காலம் முழுக்க ஈரக்காற்றில் பரப்பிப் புரட்டிப் புரட்டி வைப்பார்கள். கொட்டை ஊதி வெளுத்துவிடும், புளிப்பும் அடங்கிவிடும். பீபெர்ரி என்பது வெறும் வடிவம்தான் தம்பி, பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒற்றைக் கொட்டை உருண்டையாக இருக்கும். ஒரே சீராக வறுபடும், அவ்வளவே. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

சிக்கரி கூடவே கூடாது. தண்ணீர் பட்டதும் ஊறி பாஸ்கெட்டை அடைத்துவிடும்.

மயிலை_டிகிரி:
அண்ணன் சொன்னதில் ரோபஸ்டா விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கழுவினாலும் எனக்கு ரப்பர் வாடை வருகிறது. ஏற்காடு அராபிகா மட்டும், மீடியம் டார்க். பால், சர்க்கரை இல்லாமல் அப்படியே குடிக்கிறேன், அருமையாக இருக்கிறது.

இன்னொன்று, கொட்டையைவிடத் தண்ணீர்ச் சூட்டைக் கவனியுங்கள். டார்க் கொட்டையின் சாரம் சுலபமாக இறங்கிவிடும். மெஷினில் சூடு மாற்ற முடிந்தால் 90 டிகிரிக்குக் குறையுங்கள், 93-94 எல்லாம் லைட் ரோஸ்டுக்கு. அரைப்பதையும் ஒரு கிளிக் பெரிதாக்கி, 18 கிராமுக்கு 30 கிராம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கடைசியில் வெளிறி வருகிறதே, கசப்பு அதில்தான் இருக்கிறது.

வறுவல்கடை:
பால் இல்லாமல் குடிப்பவருக்கு மயிலைக்காரர் சொல்வது சரி. கேட்டவர் வீட்டில் பால் உண்டே. 30 கிராமில் நிறுத்துவது ரொம்பச் சரி, நானும் அதைத்தான் சொல்வேன்.

கோவை_ஃபில்டர்:
ரெண்டு பேருக்கும் நன்றி. மெஷினில் மூன்று சூட்டு நிலை இருக்கிறது, கடையிலிருந்து வந்தபடியே நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. கீழ்நிலைக்கு மாற்றி 30 கிராமில் நிறுத்தியதும் பழைய கொட்டையிலேயே கரிவாடை பாதி குறைந்துவிட்டது. தெருமுனைக் கடையில் 70க்கு 30 கேட்டேன். பார்ச்மென்ட் ரோபஸ்டா இருக்கிறதாம், வெள்ளிக்கிழமை வறுக்கிறார்களாம். அன்றைக்கே போட்டுக் குடிக்கலாமா?

வறுவல்கடை:
அவசரப்படாதீர்கள். புதுக் கொட்டையில் வாயு நிறைய இருக்கும், க்ரீமா பொங்கும், ருசி நிற்காது. ஒரு வாரம் மூடி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், வறுத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். அப்புறம், "அரைச்சே குடுத்திடவா?" என்று கட்டாயம் கேட்பார்கள். அவர்கள் மெஷினில் சிக்கரிக் காப்பியும் அரைத்திருப்பார்கள், கொட்டையாகவே கட்டித் தரச் சொல்லுங்கள்.