டிவிடி ஓடுகிறது, விசிடி ஓடவில்லை: லேப்டாப் டிரைவோடு நான் பட்ட பாடு

ரங்கூன் தாய்மாமன்:

அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்து நின்றாள். "மாமா, அம்மாவோட கல்யாண விசிடி. அம்மாச்சியை ஒரு தடவை பார்க்கணும்." 2002இல் எடுத்தது, மூன்று டிஸ்க். அவளுக்கு அம்மாச்சி என்றால் எனக்கு அம்மா. அம்மா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. போட்டோ இருக்கிறது, அம்மா நடமாடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மூன்று டிஸ்க்தான்.

வீட்டில் டிஸ்க் போட இடமுள்ள ஒரே பொருள் என் பழைய லேப்டாப், விண்டோஸ் 7. 2014இல் வெளிநாட்டு ஃபோன் கம்பெனிகள் வந்து சிம் விலை இறங்கும்வரை நம் பர்மாவில் படம், பாட்டு, கோயில் தீமிதி எல்லாம் டிஸ்கில்தானே கைமாறியது? அந்தக் காலத்து மிச்சம் இது.

முதல் டிஸ்கைப் போட்டேன். கிர்ர்... டக். கிர்ர்... டக். நாலைந்து முறை முக்கிவிட்டு, "டிரைவில் டிஸ்கைப் போடுங்கள்" என்று எழுதிக் காட்டியது. போட்டுத்தானே உட்கார்ந்திருக்கிறேன்!

கடைக்குக் கொண்டுபோனேன். பையன் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. டிரைவ் செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றான். மேசையில் ஏதோ ஒரு படத்தின் டிவிடி கிடந்தது. சும்மா எடுத்துப் போட்டேன். ஜம்மென்று ஓடியது. செத்த டிரைவ் எப்படி ஓடும்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது: டிரைவுக்குள் லேசர் ஒன்றல்ல, இரண்டு. டிவிடிக்கு 650 நானோமீட்டர், சிவப்பு. சிடிக்கு 780, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. விசிடி என்பது சிடிதான், உள்ளே வீடியோ இருக்கிறது, அவ்வளவே. ஒரு லேசர் தளர்ந்து மற்றது நன்றாக இருந்தால் டிரைவ் பாதி ஊமையாகிவிடும். ஒரே லேசரை வைத்து ஒப்பேற்றியிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. முடியாதாம். வீட்டில் எழுதுகிற சிடியில் ஒரு சாயம் பூசியிருக்கிறார்கள். அது 780க்கென்றே செய்த சாயம், சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். சிவப்பு லேசரால் தொழிற்சாலையில் அச்சடித்த சிடியைப் படிக்கலாம், எழுதிய சிடியைப் படிக்க முடியாது. ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண விசிடி எந்த வகை? எழுதியது!

சரி, முதலில் துடைத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். லேப்டாப் டிரைவில் ஒரு வசதி, தட்டு வெளியே வரும்போது லென்ஸும் கூடவே வந்துவிடும். லேப்டாப்பை அணைத்துவிட்டு, முன்பக்கம் இருக்கும் சின்னத் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை விட்டுத் தள்ளினால் தட்டு திறக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால், ஒரு சொட்டு போதும். மருந்துக்கடையில் 70 சதவீதம்தான் தருவார்கள், மிச்சம் தண்ணீர், காய்ந்ததும் கறை நிற்கும். எலக்ட்ரானிக் சாமான் விற்கிற கடையில் 99 கேளுங்கள். லென்ஸ் மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது, தொட்டால் ஆடும். கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதுபோல எடுக்க வேண்டும். பஞ்சு கறுப்பாக வந்தது. நம் வீட்டுச் சாம்பிராணி, கொசுவத்திப் புகை எல்லாம் அதில்தான் இருந்திருக்கும்.

துடைத்த பிறகு டிவிடி சட்டென்று எடுத்தது. கடையில் வாங்கிய ஒரு பாட்டு சிடியையும் படித்தது, முன்பு அதுவும் கிடையாது. கல்யாண விசிடி மட்டும் கிர்ர்... டக். இதற்குமேல் என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

சிரியம் தம்பி:

அண்ணே, என்னிடம் யுஎஸ்பியில் மாட்டுகிற டிரைவ் ஒன்று சும்மா கிடக்கிறது. பாலம் தாண்டிச் சிரியம் வந்தால் தருகிறேன். வரும்போது லேப்டாப்பையும் கொண்டுவாருங்கள், காரணம் இருக்கிறது.

என் கதை வேறு மாதிரி. டிஸ்கில் உள்ள ஃபைல் எல்லாம் தெரியும், படம் மட்டும் ஓடாது. பார்த்தால் பிராந்தியக் குறியீடு, அதாவது எந்த நாட்டு டிரைவில் ஓடலாம் என்று டிவிடியில் போட்டிருக்கும் எண். நாம் மூன்றாம் பிராந்தியம், இந்தியா ஐந்து, அமெரிக்கா ஒன்று. டிரைவில் அதை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் ஐந்தே முறை, ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதுவே நிரந்தரம். விஷயம் தெரியாமல் விளையாட்டுப்போல மாற்றி மாற்றி அமெரிக்காவில் போய் மாட்டிக்கொண்டேன். விசா இல்லாமல் போன முதல் ஆள் நான்தான். உங்கள் விசிடிக்கு இந்தக் குறியீடு கிடையாது, பயப்படாதீர்கள்.

மோல்மேன் டீச்சர்:

தம்பி, உங்கள் டிரைவாவது கிர்ர் என்று குரல் கொடுத்தது. எனக்கு டிரைவே காணாமல் போனது. "கம்ப்யூட்டர்" என்பதைத் திறந்தால் டிரைவின் சின்னமே இல்லை. மாட்டியிருக்கும் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு கோட் 39 என்ற பிழை. டிஸ்க் எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கியிருந்தேன், அது போகும்போது அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்று இரண்டு மிச்சத்தை ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்தில், விட்டுவிட்டுப் போயிருக்கிறது. டிவிடி டிரைவுக்கான பகுதியில் மட்டும் அவற்றை அழித்து மறுபடி ஆன் செய்தேன், வந்துவிட்டது. அதற்கு முன் ரெஜிஸ்ட்ரியை ஒரு நகல் எடுத்துவைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். விண்டோஸுக்கு முன்னால் எழும் பயாஸிலேயே டிரைவ் தெரியவில்லை என்றால் இது வேலைக்காகாது, அது இணைப்புக் கோளாறு.

இன்னொன்று, டிஸ்கைப் பார்த்தீர்களா? எங்கள் ஊர் மழை உங்கள் ரங்கூன் மழையைவிட அதிகம், பிளாஸ்டிக் உறைக்குள் டிஸ்க் வெள்ளையாகப் பூத்துப்போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். சட்டி கழுவுகிற மாதிரி வட்டமாகத் தேய்க்காதீர்கள். தகவல் சுற்றிச் சுற்றி ஓடும் தடத்தை ஒட்டிக் கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நிறையப் போய்விடும், குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் சமாளித்துக்கொள்ளும். அப்புறம் அம்மா கிடைத்ததும் சொல்லுங்கள்.

ரங்கூன் தாய்மாமன்:

சிரியம் போய்வந்தேன். தம்பி லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னது ஏன் என்று அங்கேதான் புரிந்தது. அவர் டிரைவை ஒரு துளையில் மாட்டினால் விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்ற ஆரம்பித்ததும் படுத்துவிடுகிறது. யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர், டிஸ்கைச் சுழற்றிக் கிளப்பும் நேரத்தில் அது போதாது. அதற்கென்றே இரண்டு தலை உள்ள வயர் வைத்திருந்தார். இரண்டு துளையில் மாட்டினோம், எழுந்துவிட்டது.

முதல் டிஸ்கும் மூன்றாவதும் முழுசாக வந்தன. இரண்டாவது பாதியில் நின்றது. டீச்சர் அக்கா சொன்னபடி கழுவியும் பார்த்தேன், பலனில்லை. அப்புறம்தான் மேல்பக்கத்தைக் கவனித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரிக்கிற படத்தை ஸ்டிக்கராக அடித்து ஒட்டியிருக்கிறார் ஸ்டூடியோக்காரர். ஓரம் உரிந்து, கூடவே வெள்ளித் தகடும் கொஞ்சம் கையோடு வந்திருக்கிறது. டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் ஊசித் துளையாக வெளிச்சம் தெரிகிறது. சிடியில் சரக்கு இருப்பது அடிப்பக்கத்தில் இல்லை, மேலே, லேபிளுக்குச் சற்றே கீழே. டிவிடியில் நடுவில் இருக்கும், அது பிழைத்துக்கொள்ளும். நான் இத்தனை வருஷமும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைத்தேன்.

எம்பிஇஜிஏவி என்ற ஃபோல்டரில் உள்ள டிஏடி ஃபைலைக் காப்பி எடுத்தால் கெட்ட இடத்தில் நின்று மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடுகிறது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டு, ஓடும்போதே பதிவு செய்தேன். 41ஆம் நிமிஷம்வரை வந்தது.

மோல்மேன் டீச்சர்:

அம்மா?

ரங்கூன் தாய்மாமன்:

38ஆம் நிமிஷம், அக்கா. பந்தியில் ரசவாளியோடு நின்று யாரையோ அதட்டுகிறாள். ஸ்டூடியோக்காரர் சத்தத்தை எடுத்துவிட்டு முழுக்க நாதஸ்வரம் போட்டிருக்கிறார். என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. வாயசைவைப் பார்த்து "அப்பளம்" என்கிறாள் என் அக்கா. மருமகள் அடித்துச் சொல்கிறாள், என் பெயராம்.