புளூபெல்தான் முதலாவதா? அப்படியானால் அந்த ஒரு வாரம் எங்கே போனது?

லீட்ஸ்வாசி:
"தன்னார்வலர்கள் கையிலெடுத்துப் பயணிகளை ஏற்றிய உலகின் முதல் அகலப்பாதை இங்கிலாந்தில் சசெக்ஸின் புளூபெல் ரயில்பாதைதான்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். கேட்பதற்கு ஆளில்லை என்ற நினைப்பு. லீட்ஸின் மிடில்டன் ரயில்பாதையில் தன்னார்வலர்கள் 1960 ஜூன் 20 அன்றே பயணிகளை ஏற்றினார்கள். புளூபெல்லில் முதல் ரயில் ஆகஸ்ட் 7. வீட்டில் நாள்காட்டி இருந்தால் புரட்டிப் பார்க்கலாம்.

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லக்கூட மனம் வரவில்லை. மிடில்டனில் எத்தனை நாள் ஓடியது? ஒரே ஒரு வாரம்! ஒரு டீசல் எஞ்சின், சுவான்சீயில் கழித்துக்கட்டிய மாடி டிராம் பெட்டி, அவ்வளவுதான். பிறகு சரக்கு மட்டும். பயணிகள் சேவை ஒழுங்காக வந்தது 1969இல். ஒரு வாரம் சுற்றினால் அதற்குப் பெயர் ராட்டினம், ரயில் இல்லை.

பழைய சிக்னல்:
புளூபெல் பாவம், நஷ்டப் பாதைகளை மூடச் சொன்ன அந்த ரயில்வே தலைவர் பீச்சிங் மூடிய பாதைதானே?

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
எத்தனை முறை சொல்வது? பீச்சிங் அறிக்கை 1963. புளூபெல் இருக்கும் லூயிஸ் - கிழக்கு கிரின்ஸ்டெட் பாதை 1882இல் திறந்தது, 1955 மே மாதமே மூடியாயிற்று. சேய்லியைச் சேர்ந்த மேட்ஜ் பெசிமர் அம்மையார் பாதை போட அனுமதித்த பழைய சட்டத்தைத் தோண்டியெடுத்து, இந்தப் பாதையில் ரயில் விட்டே ஆக வேண்டும் என்று காட்டினார். பிரிட்டிஷ் ரயில்வே 1956 ஆகஸ்ட் 7 முதல் நாளைக்கு நான்கு ரயில்களை வேண்டாவெறுப்பாக ஓட்டியது. பார்கம், கிங்ஸ்கோட் நிலையங்களின் பெயர் சட்டத்தில் இல்லையாம், அங்கே நிற்கவே இல்லை! நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றிய பிறகுதான் 1958 மார்ச்சில் நிரந்தரமாக மூட முடிந்தது. மறு ஆண்டே பாதையைக் காக்கத் தன்னார்வலர் சங்கம், 1960இல் ரயில். லீட்ஸில் இப்படி ஓர் அம்மையார் உண்டா?

லீட்ஸ்வாசி:
கதை அருமை. ஆனால் ஜூன் 20 எங்கே? மிடில்டனுக்கு நாடாளுமன்றச் சட்டம் கிடைத்தது 1758இல். உங்கள் பாதைக்கு அப்போது மண்கூட வெட்டவில்லை.

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
1758இல் குதிரை நிலக்கரி இழுத்தது. குதிரைக்கு டிக்கெட் கொடுத்தீர்களா? ஒரு வாரம், ஐயா, ஒரு வாரம்.

வேல்ஸ்காரன்:
இருவரும் சண்டையை நிறுத்துங்கள். வேல்ஸின் டாலிஃலின் 1951இலேயே தன்னார்வலர் கைக்கு வந்துவிட்டது.

லீட்ஸ்வாசி:
அது குறும்பாதை. இங்கே பேச்சு அகலப்பாதை பற்றி.

கேஜ் கணக்கன்:
அகலப்பாதை என்றால் நம் ஊரில் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தடி ஆறு அங்குலம். இங்கிலாந்தில் நான்கடி எட்டரை. இருவரும் நேற்றிலிருந்து தவறான சொல்லை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள். ஸ்டாண்டர்ட் கேஜ் என்று எழுதினால் கை வலிக்குமா?

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
சென்ற மாதமும் இதையேதான் சொன்னீர்கள். அளவு நாடா இல்லாமல் நீங்கள் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

கேஜ் கணக்கன்:
சென்ற மாதம் நான் சொன்னதும் சரிதான்.

மெல்லிய புகை:
"முதல்" என்பதற்கு என்ன அளவுகோல்? பயணி ஏறிய முதல் நாளா, தொடர்ந்து ஓடியதா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே?

லீட்ஸ்வாசி:
அளவுகோல் எதற்கு? ஜூன் 20.

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
ஒரு வாரம். இதையும் கேளுங்கள்: கிழக்கு கிரின்ஸ்டெட் அருகே இம்பர்ஹார்ன் பள்ளத்தில் பாதை மூடியபின் வீட்டுக் குப்பையைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். அதை வாரியெடுத்து, அதிலும் ரயிலிலேயே ஏற்றி அனுப்பி, 2013 மார்ச் 23 அன்று கிழக்கு கிரின்ஸ்டெட் வரை ஓட்டினோம். குப்பையையே எத்தனை வாரம் அள்ளினோம் தெரியுமா?

லீட்ஸ்வாசி:
"ஓட்டினோம்" என்கிறீர்களே, நீங்களா மண்வெட்டி பிடித்தீர்கள்?

ஹார்ஸ்டட் கீன்ஸ்:
நன்கொடை கொடுத்திருக்கிறேன். ரசீது இருக்கிறது.

வேல்ஸ்காரன்:
டாலிஃலின் 1951.

கேஜ் கணக்கன்:
இரண்டடி மூன்று அங்குலம்.

லீட்ஸ்வாசி:
ரசீதில் என்ன தேதி? ஜூன் 20க்கு முன்னாலா, பின்னாலா?